அத்தியாயம் 6: வாய்க்கால், வயல், வளவு, கூரை – பெரிய திட்டம் முடியும் இடத்தில் ஊர் தொடங்க வேண்டியவை

இங்கினியாகலையில் கல்லோயா ஆற்றை மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் கட்டும் வேலை 1949 இல் தொடங்கியது. 770,000 ஏக்கர் அடி நீர் கொள்ளும் அந்தக் குளமும், அதன் அடியில் 11 மெகாவாட் அளவிலான நீர்மின் நிலையமும் அம்பாறையின் முகத்தையே மாற்றின. சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, இறக்காமம் எனப் பல ஊர்களின் வட்டைகள் அந்தத் திட்டத்தோடு பிணைந்தன. கரையோர நகரங்களின் குழாய்நீருக்குக் கொண்டவட்டுவான் குளம் மூலமாயிற்று. அந்தத் திட்டம் தந்ததை இந்நூல் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் பெரிய திட்டம் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறது. அணைக்கட்டும் பெரிய கால்வாயும் அரசின் பொறுப்பு. அங்கிருந்து பிரிந்து வரும் சிறு வாய்க்காலில் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகிறதா என்பதை எந்தப் பொறியியலாளரும் நாள்தோறும் வந்து பார்ப்பதில்லை. மின்கம்பி வீட்டு வாசல் வரை வருகிறது. 2022 இல் நாடு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை இருளில் கிடந்தபோது அந்தக் கம்பியால் பயனில்லை. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரே உத்தரவில் தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடையை விலக்கினார்கள். ஆனால் அந்தப் பெரும்போகத்தின் விளைச்சல் கடுமையாக விழுந்தது. மேலிருந்து வரும் முடிவு நல்லதானாலும் கெட்டதானாலும் அதன் பலன் நம் வரம்பில்தான் வந்து நிற்கிறது. அதைத் தாங்கும் பலத்தை ஊருக்குள் எப்படி வளர்ப்பது என்பதே இந்த அத்தியாயம். வரிப்பத்தான்சேனையை மனதில் வைத்து எழுதப்பட்டாலும், கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

முதலில் மூன்று கேள்விகள்

எந்தத் திட்டமானாலும், அது பெரிதோ சிறிதோ, ஊர்க்கூட்டத்தில் இந்த மூன்றையும் கேளுங்கள்.

1. இதைத் திறப்பதும் மூடுவதும் யார் கையில்?
2. பழுதடைந்தால் யார் திருத்துவார்கள்? அந்தச் சாமானும் அந்த வேலை தெரிந்தவரும் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார்களா?
3. இதனால் நட்டம் வந்தால் யார் தலையில் விழும்? அவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்களா?

மூன்றாவது கேள்வியைக் கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கரையிலேயே சான்று உண்டு. ஒலுவில் துறைமுகம் டென்மார்க் கடனுதவியில் கட்டப்பட்டு, 2013 இல் திறக்கப்பட்டது. கரையோரமாக நகரும் மணலை அலைத்தடுப்பு மறித்ததால் துறைமுக வாயில் மணல் மூடிப்போனது. வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளில் கடல் காணிகளையும் தென்னைகளையும் தின்றது. கடற்றொழிலாளரும் கரைக்காணிக்காரரும் அந்த நட்டத்தைச் சுமந்தார்கள்.

சிறிய திட்டத்தில் பிழையே வராது என்பதில்லை. பிழை வந்தால் அடுத்த போகத்துக்குள் கண்டுபிடித்துத் திருத்தலாம் என்பதே அதன் பெரிய நன்மை.

வாய்க்கால்: கடைசி வயலிலிருந்து தொடங்குங்கள்

கல்லோயாவின் இடதுகரையில் 1980 களின் தொடக்கத்தில் நடந்ததை ஒவ்வொரு விவசாய அமைப்பும் அறிந்திருக்க வேண்டும். கால்வாய்கள் தூர்ந்து, கதவுகள் உடைந்து, மேல்வயல்காரருக்கு வெள்ளம், கடைசி வயல்காரருக்கு வறட்சி என்று இருந்த காலம் அது. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இளைஞர்களை அமைப்பாளர்களாகப் பயிற்றி வாய்க்கால்களுக்கு அனுப்பின. அவர்கள் போன 1981 ஆம் ஆண்டில் பெரிய குளத்தில் கால்வாசி நீர்தான் இருந்தது. அமைப்பாளர்கள் வயல்காரரை வாய்க்கால் வாய்க்காலாகக் கூட்டிப் பேசவைத்தார்கள். சில வாரங்களுக்குள் வயல்காரர்கள் தாங்களே இறங்கிப் பல ஆண்டு மண்ணை வாரினார்கள். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள். பல இடங்களில் மிச்சப்படுத்திய நீரைக் கீழே உள்ளவர்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். மேலே சிங்கள விவசாயிகள், கீழே தமிழ் பேசும் விவசாயிகள் என்றிருந்த பகுதிகளிலும் இது நடந்தது. 1956 இனக் கலவரத்தில் இரத்தம் சிந்திய பள்ளத்தாக்கு அது என்பதை நினைத்தால் இதன் எடை விளங்கும். நோர்மன் அப்ஹொஃப் இந்த அனுபவத்தை 1992 இல் நூலாக எழுதினார். நீர்ப்பாசனம் படிப்போர் உலகெங்கும் அதை வாசிக்கிறார்கள். அது நடந்த மண்ணில் நாம் அதை மறந்துவிடக்கூடாது.

உங்கள் வாய்க்காலில் இதைச் செய்யும் முறை:

*வரைபடம்.* பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே, துருசிலிருந்து கடைசி வயல் வரை வட்டவிதானையோடு நடந்து செல்லுங்கள். யாருடைய காணி, எத்தனை ஏக்கர், எத்தனை வக்கடை, எங்கே உடைப்பு, எங்கே ஆற்றுவாழையும் சல்வீனியாவும் அடைத்திருக்கின்றன என்பதை ஒரே தாளில் எழுதுங்கள்.

*பிரதிநிதி.* 10 முதல் 20 வயல்காரருக்கு ஒருவர் போதும். வாய்க்காலின் தலைப்பில் காணி உள்ளவரையே எப்போதும் தெரிவு செய்யாதீர்கள். கடைசிப் பகுதியில் காணி உள்ளவருக்கே தண்ணீர் வராத நாளின் கணக்குத் தெரியும். குத்தகைக்குச் செய்பவர்களையும் முல்லைக்காரர்களையும் கூட்டத்துக்கு அழையுங்கள். இரவில் வக்கடையில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

*சிரமதானம்.* ஏக்கர் கணக்குக்கு ஏற்ப நீளம் பிரித்துக் கொடுங்கள். ஒரு ஏக்கருக்கு இத்தனை யார் என்று அளந்து முளை அடித்துவிட்டால் சண்டை வராது. வர முடியாதவர் கூலியாள் அனுப்பலாம்.

*முறை.* ஒரு கணக்கைப் பாருங்கள். 40 ஏக்கர் உள்ள வாய்க்கால். 7 நாளுக்கு ஒரு சுற்று. ஏழு நாள் என்பது 168 மணித்தியாலம். வாய்க்கால் நிரம்ப 8 மணித்தியாலத்தைக் கழித்தால் 160. ஏக்கருக்கு 4 மணித்தியாலம். இரண்டரை ஏக்கர் செய்பவருக்கு 10 மணித்தியாலம். சுற்றைக் கடைசி வயலில் தொடங்கி மேலே வாருங்கள். மேலே தொடங்கினால் சுற்று முடியும்போது கீழே தண்ணீர் எஞ்சாது. இந்தச் சுற்றில் இரவு முறை விழுந்தவருக்கு அடுத்த சுற்றில் பகலைக் கொடுங்கள். பட்டியலைப் பள்ளிவாசல் பலகையிலும் கமநல சேவைகள் நிலையத்திலும் ஒட்டுங்கள்.

*சட்டப் பலம்.* 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் உங்கள் அமைப்பைப் பதிந்துகொள்ளுங்கள். வயல்காரர் கூடி எடுக்கும் முடிவுக்குச் சட்டம் துணை நிற்பது இந்த நாட்டில் புதிதல்ல. 1856 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டமே பழைய ஊர்வழக்கங்களுக்கு உயிர் கொடுக்கக் கொண்டுவரப்பட்டதுதான். ஆளுநர் ஹென்றி வார்ட்டின் அந்தக் காலத்தில்தான் இறக்காமக் குளமும் திருத்தப்பட்டது.

வயல்: குறைந்த நீர், குறைந்த விதை, எரிக்காத வைக்கோல்

*முதல் மழையை விடாதீர்கள்.* உழவுக்காகக் குளத்துத் தண்ணீரைக் காத்திருப்பதால் ஐப்பசி மழை வீணாகிறது. மழைக்கு முன் உழுது புழுதி விதைப்புச் செய்தால், பெரும்போகத்தின் முதல் வாரங்களை மழையே பார்த்துக்கொள்ளும். குளத்து நீர் சிறுபோகத்துக்கு மிஞ்சும். 1970 களில் அநுராதபுரத்தின் வலகம்பாகுவவில் ஆய்வாளரும் விவசாயிகளும் சேர்ந்து செய்து காட்டிய வழி இது. ஒன்றைக் கவனியுங்கள்: புழுதி விதைப்பில் களை கூடும். பன்றிநெல் மண்டிய வயலில் முதல் ஆண்டே இதைச் செய்யாதீர்கள்.

*விதை.* வீச்சு விதைப்புக்கு ஏக்கருக்கு 2 புசல் உறுதிப்படுத்தப்பட்ட விதை போதும். அதற்கு மேல் போடுவது நெருக்கத்தையும் நோயையும் கூட்டும். நாற்று நடக்கூடிய சிறு காணி உள்ளவர்கள் செம்மை நெல் முறையைப் பார்க்கலாம். மடகாஸ்கரில் ஹென்றி டி லொலானி என்ற பாதிரியார் 1980 களில் உருவாக்கி, பின்னர் தமிழ்நாடு வரை பரவிய முறை அது: இளம் நாற்று, குழிக்கு ஒன்று, அகன்ற இடைவெளி, நிற்காத நீர்.

*நனைத்து உலர்த்தும் பாய்ச்சல்.* ஓர் அடி நீளப் பி.வி.சி. பைப் துண்டு ஒன்றை எடுத்து, கீழ்ப்பாதி முழுக்கத் துளையிடுங்கள். அந்தப் பாதியை வயலில் புதைத்து, உள்ளே நிறைந்த மண்ணை அள்ளிவிடுங்கள். பைப்புக்குள் தெரியும் நீர்மட்டம்தான் வேர்ப்பகுதியின் நீர்மட்டம். அது மண் மட்டத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் இறங்கும் வரை பாய்ச்ச வேண்டாம். இறங்கியதும் 5 சென்ரிமீற்றர் நிற்கும்படி பாய்ச்சுங்கள். பூக்கும் காலத்தில் மட்டும் நீர் குறையாமல் வைத்திருங்கள். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவகம் பரப்பிய இந்த முறையில் விளைச்சல் குறையாமல் 30 வீதம் வரை நீரை மிச்சப்படுத்தலாம். உப்புப் படியும் வயலுக்கு இது ஆகாது. அங்கே நிற்கும் நன்னீரே உப்பை அழுத்தி வைத்திருக்கிறது.

*உரம்: திடீரென்று விடாதீர்கள், படிப்படியாகக் குறையுங்கள்.* 2021 இன் பாடம் இதுதான். மண்ணில் உயிர்ப்பொருள் சேராமல் உரப்பையை மட்டும் நிறுத்தினால் நெல் பசித்துப் போகும். வைக்கோலிலிருந்து தொடங்குங்கள். ஒரு தொன் வைக்கோலில் ஏறத்தாழ 5 முதல் 8 கிலோ தழைச்சத்தும், 14 முதல் 20 கிலோ சாம்பல்சத்தும் இருக்கின்றன. ஏக்கருக்கு இரண்டு தொன் வைக்கோல் வரும் வயலில் இது ஒரு மூட்டை பொட்டாஸ் உரத்துக்கு நிகரான சாம்பல்சத்து. எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும். வெட்டு மெசின் வரிசையாகப் போட்டுச் செல்லும் வைக்கோலைப் பரப்பிவிட்டு, ஈரம் வந்ததும் உழுது புரட்டுங்கள். விதைப்புக்குக் குறைந்தது இரண்டு மூன்று வாரம் முன்பே புரட்ட வேண்டும். பச்சை வைக்கோல் மண்ணில் மக்கும்போது இளம்பயிர் மஞ்சளாகும்.

அடுத்தது கிளிரிசிடியா. வேலியில், மேட்டு வரம்பில், யானை வராத பக்கமாகக் கம்பு நட்டால் போதும். ஒரு தொன் பச்சை இலை சுமார் 7 கிலோ தழைச்சத்து தரும். அது 15 கிலோ யூரியாவுக்குச் சமம். முதல் போகத்தில் ஒரு ஏக்கரில் மட்டும் யூரியாவில் கால்பங்கைக் குறைத்து இலையும் சாணமும் இடுங்கள். பக்கத்து ஏக்கரை வழமைபோலச் செய்யுங்கள். இரண்டின் நெல்லையும் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள். உங்கள் களவெட்டியின் கணக்கைவிட நல்ல ஆலோசகர் உங்களுக்கு இல்லை.

வளவு: கிணறும் கூரைநீரும் வுழூ நீரும்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் போன்ற கரையோர மணலில், நன்னீர் ஒரு மெல்லிய படையாக உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் இருந்தால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். இந்தக் கணக்கு மறுபக்கமாகவும் வேலை செய்யும்: மேலே ஓர் அடி இறங்கினால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். 2004 சுனாமிக்குப் பின் கிணறுகளை மோட்டர் வைத்து அடிவரை இறைத்துச் சுத்தம் செய்தபோது, பல இடங்களில் உப்பு கூடியது இதனால்தான். மெதுவாக இறைத்து, மழைக்கு விட்டுக்கொடுத்த கிணறுகள் தேறின. ஆகவே கரையோரத்தில் ஆழக் குழாய்க்கிணறு வேண்டாம். அகலமான ஆழங்குறைந்த கிணறும், சிறிய மோட்டரும், இடைவிட்ட இறைப்பும் போதும். மலசலகூடக் குழியை எட்டத்தில் வையுங்கள்.

வரிப்பத்தான்சேனை, மாணிக்கமடு போன்ற கரையிலிருந்து உள்ளே இருக்கும் ஊர்களில் கடலுப்பு அச்சமில்லை. அங்கே கோடையில் கிணறு வற்றாமலிருக்கக் குளத்திலும் வாய்க்காலிலும் நீர் இருக்க வேண்டும். குளக்கட்டு ஓரத்து மரங்களை வெட்டுவதும் குளத்தின் மேல்பகுதியை மண்போட்டு நிரப்புவதும் நம் கிணற்றை நாமே மூடுவதாகும்.

*கூரைநீர்.* 500 சதுர அடி ஓட்டுக் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால், சிந்தல் சிதறல் போக 37 லீற்றர் கிடைக்கும். 135 மில்லிமீற்றர் மழைக்குள் 5,000 லீற்றர் தொட்டி நிரம்பிவிடும். மாரியில் அதற்கு ஓரிரு வாரம் போதும். ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 7 லீற்றர் என்றால் நாளுக்கு 35 லீற்றர். ஒரு தொட்டி 140 நாளுக்கு மேல் வரும். 1990 களின் நடுவில் இலங்கையில் பரவிய கம்பிவலைச் சீமெந்துத் தொட்டிகள் இந்த அளவுதான். ஊர் மேசன்மார் இரண்டு நாளில் பழகிக்கொள்ளக்கூடிய வேலை. நான்கு விதிகள்: மாரியின் முதல் மழைகளைத் தொட்டிக்குள் விடாதீர்கள், பீலியில் இலை சேரவிடாதீர்கள், தொட்டி வாய்க்கும் வழிகுழாய்க்கும் நுளம்பு புகாத வலை கட்டுங்கள் (இது டெங்கு உள்ள பிரதேசம்), குடிக்கும் நீரைக் கொதிக்க வையுங்கள். பழைய அஸ்பெஸ்டஸ் சீற் கூரையின் நீரைச் செடிகளுக்கு மட்டும் வையுங்கள்.

*வுழூ நீர்.* நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஒரு முத்து நீரில், அதாவது ஒரு லீற்றருக்கும் குறைவான நீரில், வுழூச் செய்தார்கள் என்பது நாம் அறிந்த ஹதீஸ். குழாயைத் திறந்துவிட்டுச் செய்யும் வுழூவில் அதைப்போலப் பல மடங்கு ஓடுகிறது. 200 பேர் ஐந்து நேரமும் வரும் பள்ளிவாசலில் ஆளுக்கு 4 லீற்றர் என்றாலும் நாளொன்றுக்கு 4,000 லீற்றர். சவர்க்காரம் கலக்காத அந்த நீரை மணல், கல், கரி அடுக்கிய குழி ஒன்றில் இறக்கித் தென்னைக்கும் வாழைக்கும் விடலாம். குழாய்களை மெல்லிய ஓட்டத்துக்கு மாற்றிவிட்டு, மீதியை வளவில் பாய்ச்சுங்கள்.

கூரையும் அடுப்பும்: மின்சாரமும் எரிபொருளும்

சோலார் பெனலை முதலில் வாங்காதீர்கள். பாவனையை முதலில் குறையுங்கள். பழைய மின்விசிறி 70 வாட் எடுக்கும். புதிய வகை 30 வாட்டில் அதே காற்றைத் தரும். பழைய குளிர்சாதனப் பெட்டியும் மின் அழுத்தியும் பில்லை எங்கே ஏற்றுகின்றன என்று ஒரு மாதம் மானியைப் பார்த்து எழுதுங்கள். குறைத்த பின் கணக்கிட்டால் பாதி அளவுப் பெனலே போதுமென்று தெரியவரலாம்.

ஒரு கிலோவாட் பெனல் நம் வெயிலில் மாதம் சுமார் 100 முதல் 120 அலகு தரும். கூரைச் சூரிய மின்சாரத்தை மின்சார சபையோடு இணைக்கும் திட்டம் 2016 இல் நாடளாவிய இயக்கமாகத் தொடங்கியது. கட்டணமும் நிபந்தனையும் மாறிக்கொண்டிருப்பதால், ஒப்பந்தம் இடும் நாளில் உள்ளதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பற்றரி இல்லாத இணைப்பு, மின்வெட்டு நேரத்தில் தானாக நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க அப்படித்தான் அமைக்கிறார்கள். 2022 போன்ற நாளுக்குத் தயாராக இருக்க விரும்பினால், இரண்டு விளக்கு, ஒரு விசிறி, தொலைபேசி ஆகியவற்றுக்கு மட்டும் சிறு பற்றரி ஒன்றைத் தனியே வையுங்கள்.

சூரிய நீர்ப்பம்பியை ஒருவர் தனியாக வாங்குவதைவிடப் பலர் கூட்டாக வாங்குவதே நல்லது. டீசல் செலவு இல்லாததால் நாள் முழுக்க இறைக்கத் தோன்றும். அப்படி இறைத்தால் பக்கத்துக் கிணறு வற்றும். ஒரு பம்பி, ஒரு மேல்தொட்டி, சொட்டுநீர்க் குழாய், மணிக்கணக்கு எழுதும் ஒரு கொப்பி – இதுவே முறை.

மாடு கட்டி வளர்ப்பவர்களுக்கு உயிர்வாயு பொருந்தும். ஒரு குடும்பத்தின் சமையலுக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிலோ சாணம் வேண்டும். அதற்குத் தொழுவத்தில் நான்கைந்து மாடாவது நிற்க வேண்டும். பகலெல்லாம் வெளியே மேயும் மாட்டின் சாணம் கலனுக்கு வராது. அப்படி மேய்ப்பவர்கள் இதில் பணம் போடாதீர்கள். கலனிலிருந்து வழியும் கூழ் தோட்டத்துக்கு நல்ல பசளை. மற்ற வீடுகளுக்கு 1980 களில் நம் நாட்டில் உருவான இரண்டு வாய் மண்ணடுப்பான ‘அனகி’ போதும். அது விறகைக் கணிசமாகக் குறைக்கும். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. ஆலைகளில் குவியும் உமியைத் தெருவோரம் எரிக்காமல், காற்றுக் குறைந்த முறையில் கரியாக்கி மரக்கறிப் பாத்தியில் கலந்தால் மணல் மண்ணும் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

பணம் எங்கிருந்து?

ஒவ்வொரு வேலைக்கும் நன்கொடையாளரைத் தேடி நிற்க வேண்டியதில்லை. வாய்க்காலுக்கு அறுவடையில் ஏக்கருக்கு ஒரு மரைக்கால் நெல் ஒதுக்கினாலே திருத்த நிதி உருவாகும். பொதுக் கிணறு, கூரைநீர்த் தொட்டி, பள்ளிவாசல் சோலார் ஆகியவற்றுக்கு வக்பு என்னும் ஏற்பாடு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. தண்ணீருக்காகச் செலவிடுவது சதக்கத்துல் ஜாரியா என்று நம்பும் சமூகம் நாம். நம்பிக்கையாளர் சபை கணக்கைத் தனிப் புத்தகத்தில் வைத்து, போகத்துக்கு ஒருமுறை ஜும்ஆவின் பின் வாசிக்கட்டும். கணக்கு வெளியே தெரிந்தால் கொடுக்கும் கை கூடும். திருத்த நிதி இல்லாமல் எதையும் கட்டாதீர்கள். செலவில் பத்தில் ஒன்றை முதல் நாளே ஒதுக்கி வையுங்கள்.

ஓராண்டு வேலைப் பட்டியல்

- *ஆவணி, புரட்டாதி:* வாய்க்கால் நடை, வரைபடம், சிரமதானம். பீலியும் தொட்டியும் சுத்தம்.
- *ஐப்பசி, கார்த்திகை:* ஆரம்பக் கூட்டத்தில் முறைப்பட்டியலை முன்வைத்தல். முதல் மழையோடு விதைப்பு. வேலியில் கிளிரிசிடியா நடுதல்.
- *மார்கழி, தை:* பைப் வைத்து நீர்மட்டம் பார்த்தல். தொட்டியை நிரப்பி மூடுதல்.
- *மாசி, பங்குனி:* அறுவடை, இரண்டு ஏக்கரின் நிறை ஒப்பீடு, வைக்கோல் பரப்புதல், வாய்க்கால் நிதி சேர்த்தல்.
- *சித்திரை முதல் ஆடி வரை:* குளத்தில் உள்ள நீருக்கேற்பச் சிறுபோகப் பரப்பை ஒருமித்து முடிவு செய்தல். கூரை, அடுப்பு, பம்பி வேலைகள்.

எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் தொடாதீர்கள். ஒரு வாய்க்கால், ஒரு பள்ளிவாசல், பத்து வீடுகள் என்று தொடங்குங்கள். முதல் வேலை இந்த வாரமே செய்யக்கூடியது: உங்கள் வாய்க்காலின் கடைசி வயலைச் செய்பவர் யாரென்று விசாரித்து, அவரை அடுத்த கூட்டத்துக்கு நீங்களே போய் அழைத்து வாருங்கள். அவருக்குப் போன போகத்தில் எத்தனை நாள் தண்ணீர் வரவில்லை என்பதே உங்கள் திட்டத்தின் முதல் புள்ளிவிவரம்.